ஒப்பீட்டு நட்சத்திரம்

ஜனவரி 9, வியாழன்

பாப்பாவின் மூச்சு நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் குணசீலன் ஆறு மணிக்கே டோமுக்குப் போய்விட்டார். இந்த மலையில் இருக்கும் வானாய்வகத்தில் பெரிய தொலைநோக்கியை இயக்குகிற வேலை அவருக்கு. சாயங்காலம் போனால் விடிந்துதான் வருவார், வந்து மத்தியானம் ஒரு மணி வரை தூங்குவார். ஆக நாள் முழுக்க நானும் பாப்பா இனியாவும்தான். அவளுக்கு ஐந்து மாதம் முடிய இன்னும் நான்கு நாள்.

டிசம்பரில் அவளுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன முகமூடி வைத்து நெபுலைசர் கொடுத்தார்கள். அந்த வெள்ளைப் புகைக்குள் அவள் கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். "சரியாயிடுச்சும்மா, இனி பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

இந்த நோட்டு டோமில் கழித்துப்போட்ட பழைய பதிவேடு. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் அச்சடித்திருக்கிறது: நேரம், இலக்கு, ஒப்பீடு, குறிப்பு. "காலண்டர் பின்னாடியெல்லாம் மூச்சுக் கணக்கு எழுதறியே, இதுல எழுது தேனு. பி.எஸ்ஸி. பிசிக்ஸுக்கு இதான் மரியாதை" என்று கொடுத்தார். கேலிதான். ஆனால் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. இன்று நல்ல குளிர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் மின்விசிறி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜனவரி 11, சனி

பார்வையாளர் கூடத்துக்கு ஒரு பலகை எழுதித் தர வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி, தமிழில், இருநூறு சொல். வசுந்தரா மேடம் போனில் கேட்டார். அவர் பெங்களூரில் இருப்பவர், மாதம் பத்து நாள் இங்கே வந்து நட்சத்திரம் பார்ப்பார். இங்கே அவர் தங்குகிற குவார்ட்டர்ஸ் வாசலில் "டாக்டர் வசுந்தரா" என்று பலகை இருப்பதால், மலை ஜனங்கள் வயிற்றுவலிக்கும் தேள்கடிக்கும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் ஓமத் தண்ணீர் கொடுத்து, ஜீப் பிடித்துக் கீழே அனுப்பிவைப்பார்.

தலைப்பு: கோள் நெபுலா.

"இந்தப் பேரே தப்பு, தேன்மொழி. இருநூத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி சின்னத் தொலைநோக்கியில பாத்தவங்களுக்கு அது பச்சையா வட்டமா கோள் மாதிரி தெரிஞ்சுது. கோளுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஒரு நட்சத்திரத்தோட சாவு. அதை முதல் வரியிலேயே சொல்லிடு."

வீட்டில் இவரிடம் சொன்னேன். "கோளா? அது எங்கக்கா டிபார்ட்மென்ட்டாச்சே" என்றார். கோள் மூட்டுவதில் சேலத்து அண்ணியை மிஞ்ச ஆளில்லை என்பது இவருடைய ரொம்ப நாள் ஜோக். சிரித்தேன். சிரித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, சிரிப்பை நிறுத்திய பிறகும்.

ஜனவரி 12, ஞாயிறு

மூச்சு மட்டும் எண்ணினால் போதாது. ஜீப்பில் சொல்லிவிட்டு, கீழே மெடிக்கல் கடையிலிருந்து பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கிவரச் செய்தேன். துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி இருக்கிறது. பாப்பாவின் கால் பெருவிரலில் மாட்டினால் ஆக்ஸிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று காட்டும்.

இலக்கு: பாப்பா. ஆக்ஸிஜன் 98. நாடி 132.

ஒப்பீடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இவரைக் கேட்டேன். "ஒரு நட்சத்திரம் மங்குதா இல்லையான்னு பாக்கணும்னா, பக்கத்துல மாறாத நட்சத்திரம் ஒண்ணையும் சேத்துப் பாக்கணும். ரெண்டுமே மங்கினா மேகம் வந்திருக்கு, இல்ல கருவி சரியில்ல. நாம பாக்கறது மட்டும் மங்கினாத்தான் நெஜம். அந்த மாறாத நட்சத்திரம்தான் ஒப்பீடு."

வீட்டில் மாறாதது என்று பார்த்தால் நான்தான். என் விரலில் மாட்டிப் பார்த்தேன்.

ஒப்பீடு: ஆக்ஸிஜன் 99. நாடி 98.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கியபோது நான் அடுப்பருகில் இல்லை. பாப்பா தும்மினாள்.

ஜனவரி 16, வியாழன்

முதல் வரைவு எழுதிவிட்டேன். எழுதுவதற்காகப் படித்ததன் சாரம் இது.

நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம். நடுவில் ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்ததும் உள்ளே சுருங்கி, வெளியே ஊதி, நூறு மடங்குக்கு மேல் பெருத்துச் சிவக்கிறது. கடைசிக் காலத்தில் அதற்கு நிலைகொள்ளாது. விரியும், சுருங்கும், மறுபடி விரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் தன் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றாக ஊதிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாளில் வெடித்துவிடுவதில்லை. யாருக்கும் தெரியாமல் கரைகிறது. பாதி உடம்பைக் கொட்டிய பிறகு உள்ளே இருந்த சூடான கரு வெளியே தெரியும். அந்தக் கரு வேகமான காற்றொன்றை வீசி, முன்னால் கொட்டியதையெல்லாம் ஓடு மாதிரித் தள்ளிச் சேர்க்கும். அதன் புறஊதா வெளிச்சம் பட்டு அந்த ஓடு ஒளிரும். அந்த ஒளியைத்தான் நாம் கோள் நெபுலா என்கிறோம். அதில் தெரியும் பச்சை, ஆக்ஸிஜனுடைய பச்சை.

"சாகும் நட்சத்திரம்" என்று மட்டும் எழுத வரவில்லை. பாப்பா தூங்குகிற அறையில் உட்கார்ந்து அந்தச் சொல்லை எப்படி எழுதுவது? "மறையும் நட்சத்திரம்" என்று போட்டு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

மேடம் உடனே பதில் போட்டார்: "மறையறது சூரியன், சாயங்காலம் ஆறு மணிக்கு. பிள்ளைங்க மறுநாள் காலையில திரும்பி வரும்னு நினைப்பாங்க. சாவுன்னு எழுது."

இலக்கு: 98, 130. ஒப்பீடு: 99, 107. மிஷின் கொஞ்சம் கூடவே காட்டுகிறது.

குளியலறைச் சல்லடையில் ஒரு கொத்து முடி. பிள்ளை பெற்றால் கொட்டும் என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு இறுக்கமாக இருந்த ரவிக்கைகள் எல்லாம் இப்போது தோளிலிருந்து நழுவுகின்றன. ஒரு வகையில் நல்லதுதான்.

ஜனவரி 18, சனி

குழல்விளக்கைப் போட்டால் பாப்பா எழுந்துவிடுகிறாள் என்று, இவர் டோமில் பயன்படுத்துகிற சிவப்பு டார்ச் ஒன்றைக் கொடுத்தார். சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காது, இருட்டுப் பழக்கத்தையும் கெடுக்காது. இந்த மலையில் இருட்டுக்குத்தான் மரியாதை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை, வாசலில் பல்பு கூடாது, மேலே ஏறுகிற ஜீப்கூட விளக்கை அணைத்துக்கொண்டு ஊர்ந்துதான் போக வேண்டும்.

அந்த டார்ச்சை அடித்துப் பாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உதடு நிறமே இல்லாமல் முகத்தோடு ஒன்றாக வெளுத்துக் கிடந்தது. ஓடிப்போய்க் குழல்விளக்கைப் போட்டேன். உதடு ரோஜாவாக இருந்தது. விளக்கு கண்ணில் பட்டதும் வீறிட்டு அழுதாள்.

சிவப்பு வெளிச்சத்தில் நீலம் தெரியாது. நான் படித்ததுதான். நீலம் பாய்ந்தாலும் தெரியாது, பாயாவிட்டாலும் தெரியாது. எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை மட்டும் மறைக்கிற வெளிச்சம். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இலக்கு: 97, 134. ஒப்பீடு: 98, 114.

ஜனவரி 20, திங்கள்

மிஷினை மாற்ற நானே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கீழே போனேன். கடைக்காரர் தன் விரலில் மாட்டிக் காட்டினார். எழுபத்தாறு.

"நல்லாத்தானம்மா வேல செய்யுது?"

"எனக்கு நூத்திப் பதினெட்டு காட்டுதுங்க. உக்காந்துட்டே இருக்கறப்போ."

"நீங்க மலையில இருந்து எறங்கி ஓடியாந்திருப்பீங்க."

"பஸ்ஸுலதான் வந்தேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "பஸ்ஸுதான் ஓடியாந்துச்சாம், வுடுப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரர் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் பாப்பாவின் மூக்கருகில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மா, "கொழந்த தூங்குதும்மா, கைய எடு" என்றார். எடுக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

சேலத்து அண்ணி போன் செய்தார். இவர் ஏதோ சொல்லியிருக்கிறார்.

"என்னம்மா, தூங்கறதே இல்லியாம்? கொழந்தையத் தும்ம விடமாட்டேங்கறியாம்? இப்பிடியே போனா உனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும். பேசாம புள்ளைய ஒரு மாசம் எங்கிட்ட விட்டுட்டுத் தூங்கி எழுந்திரு. நான் மூணு வளத்தவ."

"பால் குடிக்கிற குழந்தை, அண்ணி."

"டப்பாப் பால் எதுக்கு இருக்கு? குணாகிட்டப் பேசிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்."

இவர் எழுந்ததும் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல், "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு தேனு. உன்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

என்னைப் பார்த்தா? நான் பாப்பாவை அல்லவா பார்க்கச் சொல்கிறேன்.

இனிமேல் இவர் முன்னால் மூச்சு எண்ணக்கூடாது. நன்றாகச் சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். உண்மையில் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். இன்று காலை ஏழு இட்லி, பதினோரு மணிக்கு மறுபடி பசி.

ஜனவரி 24, வெள்ளி

பின்வாசல் படியில் கால் வழுக்கிவிட்டது. பாப்பா கையில் இருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சுவரில் உரசி என் முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

வழுக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். படி காய்ந்துதான் இருந்தது. மூன்றாவது படியில் தொடை இரண்டும் என்னுடையவை இல்லாத மாதிரி ஆகி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு படி மேலே நின்றிருந்தால்.

ஜனவரி 25, சனி

இவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு ஞாயிறு.

பாப்பாவை நின்றுகொண்டு தூக்குவதில்லை. தரையில் உட்கார்ந்து மடியில் இழுத்துக்கொள்கிறேன். பால் கொடுப்பது தரையில், துடைத்துவிடுவது தரையில், நானும் தரையில். நாள் முழுக்க இப்படி இருந்துவிட்டால் விழ இடமில்லை.

இலக்கு: 98, 131. ஒப்பீடு: 99, 124.

ஜனவரி 26, ஞாயிறு

அண்ணி வரவில்லை. அவர் வீட்டுக்காரருக்குக் காய்ச்சலாம், அடுத்த ஞாயிறு வருகிறாராம். அந்த மனிதருக்கு வந்த காய்ச்சலுக்காக நான் சந்தோஷப்பட்டேன். என்னை என்னவென்று சொல்வது?

வசுந்தரா மேடம் மலைக்கு வந்துவிட்டார். பலகையை நாளைக்குள் முடிக்க வேண்டும். "சாகும் நட்சத்திரம்" என்று எழுதிவிட்டேன், சமையலறைக்குப் போய், நின்றுகொண்டு. கடைசிப் பத்தி இது: ஓடு இருபதாயிரம் வருஷம் போல ஒளிரும். பிறகு விரிந்து விரிந்து விண்வெளியில் கலந்து காணாமல் போகும். நடுவில் இருந்த கரு பூமி அளவுக்குச் சின்னதாகி, எரிக்க எதுவுமில்லாமல் மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும்.

வேறு தாள் இல்லாததால் அதையும் இந்த நோட்டிலேயே எழுதினேன்.

ஜனவரி 27, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கிறது.

பதினோரு மணிக்கு இவர் தூங்கிக்கொண்டிருந்தார். பாப்பாவைத் துணித்தூளியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேடம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மேடம் அப்போதுதான் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். நோட்டைப் பிரித்து வரைவைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "இப்போ சரி. சாவைச் சாவுன்னு சொல்லிட்டே" என்றார்.

பிறகு பக்கத்தைத் திருப்பினார். பதிவேடு கையில் கிடைத்தால் திருப்பாமல் இருக்க அவரால் முடியாது. முன்னால், இன்னும் முன்னால்.

"இது என்ன டேட்டா?"

"ஒண்ணுமில்ல மேடம். வீட்டுக் கணக்கு."

"இலக்கு?"

"பாப்பா."

"ஒப்பீடு?"

"என் விரல். மிஷின் சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு. அது கெட்டுப்போச்சு மேடம், நாளுக்கு நாள் கூடக் காட்டுது."

மேடம் பலகைக்காக வைத்திருந்த கட்டத்தாளை இழுத்து, பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தார். பாப்பாவுக்கு வட்டம், எனக்குப் பெருக்கல் குறி. வட்டங்கள் எல்லாம் கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி ஒரே வரிசையில் நின்றன. பெருக்கல் குறிகள் படி ஏறின.

"மிஷின் கெட்டிருந்தா ரெண்டும் சேந்துதானே ஏறணும்?"

எனக்குத் தெரியும். குணசீலன் எனக்கு முதல் நாளே சொன்னது அது. பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பேன்.

"உன் பொண்ணு ரெண்டு வாரமா அசையாம இருக்கா தேன்மொழி. மாறினது எதுன்னா, நீ மாறாதுன்னு எடுத்துக்கிட்டது. எங்க வேலையில இது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். நானே எட்டு மாசம் ஒரு நட்சத்திரம் மங்குதுன்னு எழுதிட்டிருந்தேன். அது சும்மாதான் இருந்தது. ஒப்பீட்டுக்கு வெச்சிருந்தது பிரகாசமாயிட்டே போச்சு, அதை ஒருத்தரும் பாக்கல. கைய நீட்டு."

நீட்டினேன். அதன்மேல் கட்டத்தாளை வைத்தார். தாள் காற்றில் ஆடுவது போல ஆடியது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"எவ்வளவு எடை குறைஞ்சிருக்கே?"

"தெரியல."

"விழுந்தியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முழங்கையில் இருந்த பொருக்கை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிட்டேன். "சொன்னா பாப்பாவ சேலத்துக்கு அனுப்பிடுவாங்க மேடம். எனக்குப் பைத்தியம்னு ஆயிடும்."

"பைத்தியமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வாசல்ல டாக்டர்னு போர்டுதான் இருக்கு. என் நோயாளிங்க ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அந்தப்பக்கம் இருக்காங்க, அவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. உனக்கு ஜீப் இருக்கு" என்றவர் கைப்பேசியை எடுத்து, "குணசீலன், தூங்கினது போதும், எழுந்து வாப்பா" என்றார்.

ஜனவரி 28, செவ்வாய்

திருப்பத்தூர். இந்த முறை டாக்டரம்மா பாப்பாவைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தைத் தடவினார், கண்ணைப் பார்த்தார், உட்கார்ந்து எழச் சொன்னார். கைப்பிடியைப் பிடிக்காமல் என்னால் எழ முடியவில்லை. இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்து, மத்தியானம் வரை உட்காரவைத்தார்கள்.

"தைராய்டும்மா. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு அந்தச் சுரப்பி புண்ணாயிடும். சேத்து வெச்சிருக்கிற ஹார்மோனையெல்லாம் ரத்தத்துல கொட்டும். படபடப்பு, வேர்வை, பசி, நடுக்கம், தசையில பலமின்மை எல்லாம் அதனாலதான். கொட்டித் தீந்தா தானா அடங்கும். சில பேருக்கு அப்புறம் ரொம்பக் குறைஞ்சு, வேற மாத்திரை போட வேண்டி வரும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும். இப்போதைக்கு நாடி இறங்க ஒரு மாத்திரை தரேன். பால் கொடுக்கலாம்."

"பயம்?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். பாதிக்கு மேல இதுதான் பண்ணும். அது குறையலைன்னா அதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காங்க, பாக்கலாம். வெக்கப்பட ஒண்ணுமில்ல."

ஜீப்பில் திரும்பும்போது பாப்பாவை இவர் வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு என் கை தானாக அவள் மூக்கருகே போனது. இவர் தடுக்கவில்லை. ஒன்பதாவது வளைவில், "மூணு வாரமா உன் ரவிக்கை நழுவறதப் பாத்துட்டுத்தான் இருந்தேன் தேனு. டயட்டுன்னு நெனச்சேன்" என்றார். அடுத்த வளைவில், "அக்கா ஞாயித்துக்கெழம வரட்டும். ஆனா இங்க வந்து இருக்கட்டும். பாப்பா எங்கயும் போகல" என்றார்.

"உங்கக்கா இருந்தா ஊருக்கே தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். போர்டு வைக்கிற செலவு மிச்சம்."

ஜனவரி 29, புதன்

மாத்திரையை இன்னும் போடவில்லை. காலையில் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். மத்தியானமும்.

பாதிக்கு மேல என்று சொன்னார் டாக்டரம்மா. எந்தப் பாதி? டிசம்பரில் அவள் நெஞ்சு இழுத்ததை முதலில் பார்த்தது நான்தான். எல்லாரும் சளிதான் என்றபோது பயந்து, அடம்பிடித்து, ஜீப் வரவழைத்ததும் நான்தான். அந்தப் பயம் என்னுடையதா, சுரப்பியுடையதா? ரெண்டும் ஒரே ரத்தத்தில்தானே ஓடுகிறது. மாத்திரை போய்ப் பிரித்துப் பார்த்தா எடுக்கும்? பயமெல்லாம் போய்விட்ட ஒருத்தி, குழந்தை மூச்சு நின்றாலும் நிம்மதியாகத் தூங்குவாள். அவளை நம்பிப் பாப்பாவை எப்படி விடுவது?

இதை இவரிடம் கேட்டேன். "தெரியல தேனு. ஆனா நீ படியில விழுந்தா அவளும் விழுவா" என்றார்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் டம்ளரை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 1, சனி

மூன்று நாள் ஆகிறது. நாடி தொண்ணூற்றாறு. கை இன்னும் நடுங்குகிறது. பயம் இருக்கிறது, போகவில்லை. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது, நான் உட்கார்ந்துகொள்ள.

மத்தியானம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள். பசி அழுகை இல்லை, திடுக்கிட்டு வீறிடுகிற அழுகை. உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது. ஓடினால் அந்த ஐந்து படியில் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். துணிக்கூடையைக் கீழே வைத்தேன். சுவரைப் பிடித்தேன். ஒரு படி. நின்றேன். இன்னொரு படி. இவ்வளவு பயத்தோடு இவ்வளவு மெதுவாக நான் நடந்ததே இல்லை.

நான் போய்ச் சேரும்வரை அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள். வேறொன்றும் ஆகவில்லை.